அச்சில் தெரியாது

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பீரோவைத் திறந்து படங்களை வெளியே எடுத்துக் காற்றாட வைத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு இதற்கென்றே ஒதுக்கியது. பூசைக்கு வராமல் காகிதத்தைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று முணுமுணுத்தபடி பிலோமினா கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். கல்யாணம் ஆனதிலிருந்து முணுமுணுக்கிறாள், பாவம்.

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. பத்திரிகையில் வந்த கார்ட்டூனைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். நான் சேர்ப்பது அதற்கு முந்தியது. ஓவியர் தன் கையால் வரைந்து அச்சுக்கு அனுப்பிய அட்டை, ஒரிஜினல். அதில்தான் நீலப் பென்சில் இருக்கும், ஒயிட்னர் பூசி மறைத்த தப்பு இருக்கும், டீ டம்ளர் வைத்த வட்டம் இருக்கும். எங்கள் தொழிலில் அச்சாகும் அளவைப்போல இரண்டு மடங்கு பெரிதாக வரைவோம். சிறிதாக்கிப் போடும்போது கோட்டின் பிசிறெல்லாம் அமுங்கிவிடும். அச்சில் பார்த்தால் எல்லாருக்கும் சுத்தமான கைதான். ஆள் எப்பேர்ப்பட்டவன் என்பது ஒரிஜினலில்தான் தெரியும். அதைப் பார்க்கத்தான் இத்தனை வருடமாக ஊர் ஊராக அலைகிறேன். எனக்கும் இதே பிழைப்புதான். திருச்சி நாளிதழ் ஒன்றில் முப்பத்தொரு வருடமாகத் தினம் ஒரு கார்ட்டூன். இரண்டு பத்தி அகலம், மூன்றரை அங்குலம். கையெழுத்து 'சவரி'. முழுப்பெயர் சவரிமுத்து என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்.

எண்பதுகளில் ஒரு பற்பொடி விளம்பரத்துக்கு எடுத்த கார்ட்டூன் படத்தின் செல் தாள்களும் நான்கு வைத்திருக்கிறேன். பல் துலக்கும் அணில். கண்ணாடி மாதிரியான தாளில் பின்பக்கமாக வண்ணம் பூசி, ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படம் பிடிப்பார்கள். வேலை முடிந்ததும் கழுவிவிட்டு அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். இந்த நான்கும் எப்படியோ கழுவலுக்குத் தப்பியவை. இன்று கவரைப் பிரித்ததும் வினிகர் வாடை குப்பென்று வந்தது. ஒரு தாள் ஓரத்தில் சுருண்டிருக்கிறது. தாளே உள்ளுக்குள் கெட்டுப்போகிறதாம். நிறுத்த வழி கிடையாது, பக்கத்தில் இருப்பதற்கும் பரவும், குளிர்ச்சியில் வைத்தால் கொஞ்சம் மெதுவாகும் என்று பம்பாய் நண்பர் போனில் சொன்னார். ஃபிரிட்ஜில் ஒரு தட்டு கேட்டேன். இட்லி மாவுக்குப் பக்கத்தில் அழுகின அணிலா என்று பிலோமினா மறுத்துவிட்டாள்.

காபியைக் கொஞ்ச நாளாக அரை டம்ளர்தான் தருகிறாள். கேட்டால் சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்கிறாள். ரிட்டையர் ஆக ஒரு வருடம் இருக்கும் கணக்கு டீச்சருக்குக் கை சுருங்கிவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

இப்போது வருகிற நிப்புகள் எதுவும் நிப்பே இல்லை. இன்று ஒரு குடையின் வளைவை நான்கு தடவை போட வேண்டியதாயிற்று. ஃபேனை நிறுத்திவிட்டு வரைந்தேன். காற்று அட்டையை அசைக்கிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஆபீசுக்குப் புதிதாக ஒரு வரைபலகை வந்திருக்கிறது. பேனா போன்ற ஒன்றை வைத்துப் பலகையில் வரைந்தால் கம்ப்யூட்டரில் கோடு விழும். ஆசிரியர் மகுடேசன் தானே நின்று பிரித்து மாட்டினார். வயதில் எனக்குப் பதினைந்து வருடம் சின்னவர், சவரி அண்ணே என்பார். நான்தான் முதல் கோடு போட வேண்டும் என்று ஒரே பிடியாகப் பிடித்தார். லேஅவுட் செய்யும் பானு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நிருபர்கள், விளம்பரப் பிரிவு, டீ கொண்டுவந்தவர் என்று எல்லாரும் பின்னால் கூடிவிட்டார்கள்.

பேனாவைப் பலகையில் படாமல் பிடித்தாலே திரையில் ஓர் அம்புக்குறி வந்து நிற்கிறது. அது நின்றால்தானே. பெரிய திரை வேறு. அம்புக்குறி ஈ மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோட்டைத் தானாக நேராக்கும் வசதி இருக்கிறது என்று மகுடேசன் அவசரமாக எதையோ அழுத்தினார். அதற்குப் பிறகு கோடு வழவழவென்று வந்தது, இடியாப்பம் பிழிந்த மாதிரி. யார் போட்டாலும் அப்படித்தான் வரும். அதில் என் கை எங்கே இருக்கிறது? பேனாவுக்குக் கனமே இல்லை, பிடிமானம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவ்வளவு வேகமாக யாரும் என்னோடு ஒத்துப்போனதில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தஞ்சாவூர் போய் வந்தேன். ஓணானின் மகள் ஞானாம்பாள் மாதக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த கட்டு இன்று கைக்கு வந்துவிட்டது.

ஓணான் என்பது புனைபெயர். அந்தக் காலத்து வாரப் பத்திரிகை ஒன்றில் 'கியூ கிட்டம்மா' என்று மூன்று கட்டப் படத்தொடர் இருபத்தேழு வருடம் வரைந்தார். கிட்டம்மா எப்போதும் ஏதாவது வரிசையில் நிற்பாள். ரேஷன், மண்ணெண்ணெய், கரண்ட் பில், ஒருமுறை என்ன வரிசை என்றே தெரியாமல் கடைசி வரை நின்றுவிட்டுத் திரும்புவாள். அவர் கோடு போல ஒரு கோடு இந்த மாநிலத்தில் கிடையாது. இது என் அபிப்பிராயம் இல்லை, தீர்ப்பு. அவருடைய பழைய ஒரிஜினல்கள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. கடைசி ஐந்து வருடத்து அட்டைகள் மட்டும் யாரிடமும் கிடைக்காமல் இருந்தன.

ஞானாம்பாள் மகனோடு இருக்க ஓசூருக்குப் போகிறார். அங்கே இடம் இல்லையாம். பரணில் இருந்து இறக்கி வைத்திருந்ததைப் பார்த்தால் பாய்ச்சுருள் மாதிரி இருந்தது. அட்டை எங்கேம்மா என்று கேட்டேன். இதுதான் சார் எல்லாம் என்றார். பஸ்ஸில் அதை நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் சினிமா பேனரா என்றார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இருபத்துமூன்று படங்கள். ஒவ்வொன்றையும் அளந்து நோட்டில் ஏற்றினேன். பின்பக்கம் அவரே தேதி போட்டிருக்கிறார். அச்சில் இந்தத் தொடர் எப்போதும் ஏழு அங்குல அகலம். எனவே அட்டை பதினான்கு இருக்க வேண்டும். தொண்ணூற்று மூன்று வரை பதினான்குதான். தொண்ணூற்று நான்கு பொங்கல் இதழுக்குப் பதினாறு. அடுத்த வருடம் இருபத்தொன்று. அதற்கடுத்து இருபத்தெட்டு, முப்பத்தைந்து. தொண்ணூற்றெட்டு மார்ச் மாதத்துப் படம் நாற்பத்திரண்டு அங்குலம், சார்ட் பேப்பரை ஒட்டிப் போட்டது. ஹாலில் விரித்தால் கதவைச் சாத்த முடியவில்லை.

முழங்கால் போட்டுக் கிட்டத்தில் பார்த்தேன். கிட்டம்மாவின் புடவைக் கரை பல் பல்லாக இருக்கிறது. ஒரு நேர்கோடும் நேராக இல்லை. நாற்பத்திரண்டை ஏழாக்கினால் இந்தப் பல் எல்லாம் முடி கனத்துக்கு வந்துவிடும். பழைய இதழை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். அதே வழவழப்பு, அதே ஓணான். கையெழுத்தை மட்டும் போட்டோஸ்டாட் எடுத்து வெட்டி ஒட்டியிருக்கிறார். ரப்பர் சொல்யூஷன் காய்ந்து உதிர்கிறது.

ஞானாம்பாளுக்குப் போன் செய்து கேட்டேன். தயக்கத்தோடு சொன்னார்: "அப்பாவுக்குக் கை ஆடும் சார். பெருசா போட்டா ஆட்டம் சின்னதாயிடும்னு அவரேதான் கண்டுபிடிச்சாரு. பிரஸ்ல படத்தச் சின்னதாக்குற கேமரா பாத்த சுப்பையா மாமாவுக்கும் எனக்கும்தான் தெரியும். அம்மாட்ட கூடச் சொல்லல."

கடைசியில் எப்போது நிறுத்தினார் என்று கேட்டேன்.

"அவரு எங்க நிறுத்துனாரு? பத்திரிகைதான் நின்னுபோச்சு."

கொடுத்துவைத்தவர்.

ஆகஸ்ட் 23, புதன்

இன்றைய கார்ட்டூனை ஏழு அங்குலத்துக்குப் பதில் ஒன்பது அங்குலத்தில் வரைந்தேன். பெரிதாக வரைவதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. எத்தனை நாள்தான் ஒரே அளவில் வரைவது.

செப்டம்பர் 5, செவ்வாய்

பன்னிரண்டு அங்குலம். ஆசிரியர் தினம். பிலோமினாவுக்கு மாணவிகள் கொடுத்த ரோஜாக்கள் சொம்பில் இருக்கின்றன. அணில் செல் தாளில் வால் வண்ணம் உதிர்ந்துவிட்டது. பொட்டுப் பொட்டாகக் கவருக்குள் கிடக்கிறது. எடுத்து ஒட்டவும் முடியாது, கொட்டவும் மனசில்லை.

செப்டம்பர் 9, சனி

என் வீசிங்குக்கு மாதாமாதம் காட்டும் ஆஸ்பத்திரியில், வேறொரு டாக்டரிடமும் சீட்டுப் போட்டுவைத்திருந்தாள் பிலோமினா. என்னிடம் கேட்கவில்லை. அந்த டாக்டர் ஒரு வெள்ளைத் தாளையும் பால்பாயிண்ட் பேனாவையும் நீட்டி, நடுவில் ஆரம்பித்துக் கொசுவத்திச் சுருள் மாதிரி ஒன்று வரையுங்கள் என்றார். முப்பத்தொரு வருடமாக வரைகிறவனிடம். கையை மேசையில் ஊன்றாமல் வரையச் சொன்னார். வரைந்தேன். பேனா மட்டமானது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஃபைலில் குத்திவைத்தார். திருப்பிக் கேட்டேன். அது இங்கேயே இருக்க வேண்டும் என்றார். ஆக, என்னுடைய ஒரிஜினல் ஒன்று முதல் தடவையாக அடுத்தவர் சேகரிப்புக்குப் போயிருக்கிறது.

பயப்படுகிற வியாதி இல்லையாம், பெரிய பெயர் எதுவும் இல்லையாம். சிலருக்கு வயதில் வரும், மெல்லக் கூடும், குறையாது. இதற்கென்று இருக்கும் நல்ல மாத்திரை வீசிங் இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாதாம். இன்னொன்று எழுதித் தந்தார். பிலோமினா எல்லாவற்றையும் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டாள். வரும்போது ஆட்டோ பிடித்தோம். மார்க்கெட்டில் இறங்கிக் கத்தரிக்காய் வாங்கினோம்.

செப்டம்பர் 13, புதன்

மாத்திரை போட்டால் மத்தியானமே தூக்கம் சொக்குகிறது. இன்று ஒரு கார்ட்டூனுக்குத் தலைப்பே தோன்றவில்லை. கோட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லி மூளையை வாங்கிக்கொள்கிறது. நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

பதினாறு அங்குலம். ஆபீஸ் ஸ்கேனர் பதினாறரைக்கு மேல் எடுக்காது. பானுவிடம் அட்டையைக் கொடுத்தபோது ஸ்கேனர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்து இதைவிடப் பெரிசா வந்தாலும் பரவாயில்லை சார், ரெண்டு துண்டா எடுத்து ஒட்டிக்கிறேன் என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள். நான் எதற்குப் பெரிதாக வரும் என்று கேட்கவில்லை. இருபது வருடமாக என் படங்களைப் பக்கத்தில் வைப்பவள் அவள்தான். பேஜ்மேக்கர் மென்பொருள் இருந்த காலத்திலிருந்து பார்க்கிறாள்.

வேண்டாத கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். பதினான்கு இருபத்தெட்டு ஆக ஓணானுக்கு மூன்று வருடம். எனக்கு ஏழு பதினாறு ஆக ஒரு மாதம். ஒப்பிடக் கூடாது. அவர் வாரத்துக்கு ஒன்று, நான் தினம் ஒன்று.

அக்டோபர் 3, செவ்வாய்

மகுடேசன் தன் அறைக்குக் கூப்பிட்டார். நவம்பர் நான்காம் தேதி பத்திரிகைக்கு ஐம்பது வயது ஆகிறது. அன்றைக்கு முதல் பக்கத்தில் மேலே நான்கு பத்திக்கு என் கார்ட்டூன்.

முதல் பக்கம். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாள்கூட ஐந்தாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. இவர் அப்பா ஆசிரியராக இருந்தபோது இதற்காக நான் கேட்டு, கெஞ்சி, கோபித்து, ஒரு தீபாவளிக்கு ராஜினாமாக் கடிதம் வரை எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் என் கோடு ஓட்டமாக ஓடும். இப்போது தட்டில் வைத்துத் தருகிறார்கள்.

முதல் பக்கத்தில் பத்தி சற்று அகலம், நான்கு பத்தி என்றால் எட்டு அங்குலம். பதினாறு அங்குலத்தில் வரைந்தால் பாதிதான் குறையும். பிசிறெல்லாம் தெரியும். பேப்பர் பஸ் ஸ்டாண்டில் தொங்கும், டீக்கடையில் தொங்கும்.

வழக்கமான இரண்டு பத்தியே போதுமே, முதல் பக்கத்தில் செய்திக்கு இடம் வேண்டாமா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டது தெரிந்தது. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சட்டென்று விடவும் இல்லை. "நீங்க செஞ்சே ஆகணும்ணே. இதவிட நல்ல நாளு வராது." ஒருவன் இப்படிக் கேட்கும்போது என்ன காரணம் சொல்லி மறுப்பது? ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6, வெள்ளி

பிலோமினா ஸ்கூலிலிருந்து தாமதமாக வந்தாள். யாரோ பார்க்க வந்திருந்தார்களாம். கண் சிவந்திருந்தது. சாக்பீஸ் தூசி என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வெள்ளிக்கிழமையில் மாமிசம் கூடாது என்று சட்டம் பேசுகிறவள், கருவாடு மீன் கணக்கு என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஐடியா கிடைத்துவிட்டது. ஒரு டீக்கடை. ஒரே ஒரு பேப்பர். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஐம்பது பேர் படிக்கிறார்கள். ஒருவர் விளையாட்டுப் பக்கம், ஒருவர் வரிவிளம்பரம், அவர் படிக்கும் தாளின் பின்பக்கத்தை எதிரே குனிந்து ஒருவர். மாஸ்டர் கையில் பஜ்ஜி மடிக்கக் கிழித்த மூலை, அதையும் ஒருவர் விடாமல் எட்டிப் பார்க்கிறார். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கர்த்தருக்கு நன்றி.

சார்ட் பேப்பர் மூன்றை அகலவாக்கில் ஒட்டினால் அறுபத்தாறு அங்குலம். எட்டாகக் குறைத்தால் எட்டு மடங்குக்கும் மேல். ஓணானே அவ்வளவு போகவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

சோபாவையும் டீப்பாயையும் படுக்கையறைக்குத் தள்ளினோம். பிலோமினா ஏன் என்று கேட்கவில்லை. தரையை இரண்டு தடவை துடைத்துக் கொடுத்துவிட்டு, விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, பிரஷ்ஷால் வரைய ஆரம்பித்தேன். தரை குளிர்ச்சிக்கு நெஞ்சு இழுக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இன்ஹேலர். இன்று ஒன்பது பேர் முடிந்தார்கள்.

அக்டோபர் 25, புதன்

இருபத்தாறு பேர். டீ ஆற்றும் மாஸ்டரின் கை மேலே, டம்ளர் கீழே, நடுவில் டீ ஒரே வீச்சாக இறங்க வேண்டும். நேர் கோடு. பதினான்கு தடவை. ஒயிட்னர் தடிப்பில் பிரஷ் இடறுகிறது. கடைசியில் ஸ்கேலை வைத்துப் போட்டேன். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் இல்லை.

தினசரிக் கார்ட்டூனும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பானு இரண்டு துண்டாக ஸ்கேன் எடுக்கிறாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

முடிந்தது. ஐம்பது பேர். ஸ்டூல் மேல் ஏறி நின்று, செல்போனைக் கீழ்நோக்கிப் பிடித்துப் படமெடுத்துச் சிறிதாக்கிப் பார்த்தேன். நிற்கிறது. படம் நிற்கிறது.

கையெழுத்து மட்டும் வரவில்லை. மூன்று எழுத்து. பெரிய எழுத்தாகப் போட்டால் பேனர் எழுத்து மாதிரி இருக்கிறது, சிறிதாகப் போட்டால் மண்புழு. மூலையைக் காலியாக விட்டுவிட்டேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

மாநகராட்சி ஆபீஸ் பக்கம், வீட்டுப் பிளான் ஜெராக்ஸ் எடுக்கிற கடையில் பெரிய ஸ்கேனர் இருக்கிறது என்று பானு சொல்லித்தான் தெரிந்தது. அவளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூட வந்தாள். சுருளை ஒரு பக்கம் அவள் பிடிக்க, மறுபக்கம் நான். கடைக்காரர் எத்தனை மாடி என்று கேட்டார். படம் மெஷினுக்குள் மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு கிட்டத்தில் நின்றால் எல்லாமே தெரியும். ஐம்பது மூக்கு, நூறு கை, எல்லாக் கோட்டிலும் பல்.

பானு பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "கையெழுத்த பழைய படத்துலேர்ந்து நான் எடுத்துப் போட்டுக்கவா சார்?"

சரி என்று தலையை ஆட்டினேன். ஓணானுக்கு ஒரு சுப்பையா இருந்ததுபோல எனக்கு இவள் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 4, சனி

ஐந்தரை மணிக்கே வாசலில் நின்றேன். பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்திக் கையிலேயே கொடுத்தார்.

முதல் பக்கம், மேலே, நான்கு பத்தி. பிசிறு என்று ஒன்று இல்லை. டீ ஒரே வீச்சாக இறங்குகிறது. வேட்டி மடிப்பு, மாஸ்டர் மீசை, பெஞ்சின் கால், எல்லாம் பத்து வருடத்துக்கு முந்தைய சவரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம்தான் கீழே இருந்த கட்டத்தைப் படித்தேன்.

'முப்பத்தொரு ஆண்டுகளாக நம் வாசகர்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த ஓவியர் சவரி, இந்தப் படத்துடன் ஓய்வு பெறுகிறார். அவருக்கு நம் நெஞ்சார்ந்த நன்றி.'

நான்கு தடவை படித்தேன். வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல் இருந்தது.

மகுடேசனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். வரைபலகை வந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாகவும், என்னிடம் நேரில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தும் முடியவில்லை என்றும், முதல் பக்கத்தோடு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டதாகவும் சொன்னார். "அண்ணிட்ட ஸ்கூலுக்கே போய்ச் சொல்லிட்டேனேண்ணே. அவங்க உங்ககிட்ட சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பிலோமினா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி விறைப்பாக.

"ஆமா. நான்தான் சரின்னேன்."

என்னைக் கேட்காமலா என்றேன். இது என் வேலை, என் கை என்று கத்தினேன். அக்கம்பக்கம் கேட்டிருக்கும்.

"கேட்டா நீங்க விட்ருவீங்களா? எட்டு மாசமா நீங்க மறைக்கிறீங்க, எனக்குத் தெரியாத மாதிரி நான் நடிக்கிறேன். தரையில குப்புறப் படுத்து மூச்சு இழுத்துக்கிட்டு நீங்க வரையிறதச் சமையக்கட்டுல உக்காந்து கேட்டுட்டுதான் இருந்தேன். ஒரு பேப்பர் கூடத் திருத்தல. இதுக்கு மேல எனக்கு முடியலங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் எதையாவது பேசியிருப்பேன். அவள் உப்புமா கிண்டப் போய்விட்டாள். மாலை வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் படம் பிரமாதம் என்றார்கள். கை இன்னும் என்ன அழகாக ஓடுகிறது, இப்போது போய் ஏன் சார் ஓய்வு என்று ஏழு பேராவது கேட்டிருப்பார்கள். வயசாச்சுல்ல என்று ஏழு பேருக்கும் சொன்னேன்.

நவம்பர் 5, ஞாயிறு

முதல் ஞாயிறு. பீரோவைத் திறக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பேசினார். அவரும் பத்திரிகைக்கு வரைகிறவர், ஒரிஜினல்கள் சேர்க்கிறாராம். நேற்றைய டீக்கடைப் படத்தின் ஒரிஜினல் தனக்குக் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். குரலில் அந்தப் பணிவும், உள்ளே அடக்கிவைத்த ஆசையும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. எத்தனை வீட்டுக்கு நான் இப்படிப் போன் செய்திருப்பேன். எத்தனை பெண்கள் மறுமுனையில் பேசாமல் நின்றிருப்பார்கள். அவர்கள் எதைக் கொடுக்கத் தயங்கினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அச்சில் இருக்கும் கோடு ஒரிஜினலில் இருக்காது என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு, ஒரிஜினலில் இன்னும் நன்றாகத்தானே சார் இருக்கும் என்றார்.

"இல்ல தம்பி. எனக்குக் கை நடுங்கும். அதுல பூரா நடுக்கந்தான்."

சொல்லிவிட்டேன். முகம் தெரியாத ஒருவரிடம். எட்டு மாதமாக இந்த நோட்டில்கூட எழுதவில்லை. நிப், காற்று, பேனா, மாத்திரை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன்: என் கை நடுங்குகிறது. இந்த வரியும் நடுங்கித்தான் இருக்கிறது.

அவர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். சுருளை எடுத்துக் கிழித்துவிடலாம் என்று ஹாலில் விரித்தேன். ஒரிஜினலைக் கிழிக்கிறவனை வாழ்நாள் பூரா சபித்திருக்கிறேன். ஓரத்தைப் பிடித்தேன், கிழிக்க முடியவில்லை. சுருட்டலாம் என்று பார்த்தேன், தனியாக நேராகச் சுருட்டவும் வரவில்லை. பூசையிலிருந்து வந்த பிலோமினா முக்காட்டைக்கூட எடுக்காமல் மறுபக்கம் உட்கார்ந்து சுருட்டிக் கொடுத்தாள்.

நவம்பர் 6, திங்கள்

பேப்பர் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் என் இடத்தில், அதே இரண்டு பத்தி அகலத்தில், 'நாளைய மின்தடைப் பகுதிகள்' போட்டிருந்தார்கள். எங்கள் தெருவும் இருக்கிறது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.

பிலோமினாவிடம் சொன்னேன். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிவைக்கச் சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போனாள். போட்டேன். தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.